புதுப்பிக்கப்பட்டது: கையால்

கைப்பை இன்னும் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அவள் கணினியைத் தட்டி எழுப்பி, பட்டியலைத் திறந்து, பல் மருத்துவமனை, அச்சகம், கணக்காளர்கள், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுக் கடைசிக்குப் போய்விட்டாள். கடைசியில் 'வெளி – குறுக்கெழுத்து' என்று ஒரு வரி. மஞ்சள். சரி, மனிதர் இன்னும் காபி குடித்திருக்க மாட்டார். பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினாள். தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்தாள். செருப்பை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு மறுபடி பார்த்தாள். பச்சை. பக்கத்துக் கட்டத்தில் 'புதுப்பிக்கப்பட்டது: கையால்' என்று வந்திருந்தது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். அதற்குப் பிறகுதான் அவளுடைய நாள் தொடங்கும்.

அலுவலகத்தில் அவளுக்கு 'அப்டேட் அக்கா' என்று பெயர். பிறந்தபோது வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. சின்னச் சின்ன நிறுவனங்களின் கணினிகளைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளும் கம்பெனி அது. அதில் ஆன்ட்டிவைரஸ் அவள் பொறுப்பு. உலகத்தில் யாரோ ஓயாமல் புதுப்புது வைரஸ்களைச் செய்துகொண்டே இருக்கிறார்கள். அவற்றை அடையாளம் காட்டும் தகவல் பகலென்றும் இரவென்றும் பார்க்காமல் வந்துகொண்டே இருக்கும். அது எந்தக் கணினிக்கு எப்போது போய்ச் சேர வேண்டும் என்று அவள்தான் நேரம் குறித்து வைப்பாள். அச்சகத்தில் இயந்திரம் ஓடும் நேரத்தில் தொடக்கூடாது. ஒருமுறை தொட்டுவிட்டு, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும். பல் மருத்துவருக்கு மதிய இடைவேளை. பள்ளிக்கூடத்துக்குக் கடைசி மணி அடித்த பிறகு. கணக்காளர்கள் மின்னஞ்சலில் எது வந்தாலும் குழந்தை மிட்டாயைப் பிரிப்பதுபோலப் பிரித்துப் பார்ப்பவர்கள் என்பதால் அவர்களுக்கு மட்டும் மணிக்கொரு தரம். "ஒரு நாளைக்கு எத்தனை தடவைதாம்மா இது அப்டேட் ஆகும்?" என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கெல்லாம் அவளிடம் ஒரே பதில்தான் உண்டு: "திருடன் எத்தனை தடவை வர்றானோ அத்தனை தடவை சார்."

பல வருடங்களாக இந்தப் பட்டியலைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒன்று புரிந்திருந்தது. பச்சைக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. கணினிகள் தாமாகவே விழித்து, தாமாகவே புதுப்பித்துக்கொண்டு, தாமாகவே பச்சையாகின்றன. அதன் முன்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரா, எழுந்து போய்விட்டாரா, அழுகிறாரா, சாப்பிடுகிறாரா, எதுவும் அந்தப் பச்சையில் தெரியாது. அத்தனை வரிகளுக்கும் நடுவே ஒரே ஒரு வரியில்தான் மனிதக் கை இருந்தது. காலையில் யாரோ ஒருவர் எழுந்து, வந்து உட்கார்ந்து, விரலால் ஒரு பட்டனை அழுத்தினார் என்ற செய்தி. அது அவள் ஒருத்திக்கு மட்டும் வரும். அதற்காகத்தான் அவள் பேருந்தில் முண்டியடித்துக்கொண்டு சீக்கிரமே வந்தாள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவளும் சொல்லிக்கொள்வதில்லை.

அவர் ஒரு செய்தித்தாளுக்குக் குறுக்கெழுத்துப் போட்டி தயாரிப்பவர். செய்தித்தாள் இவர்களுடைய வாடிக்கையாளர். வீட்டிலிருந்தே வேலை செய்கிறவர் என்பதால் அவருடைய கணினியையும் பட்டியலின் வாலில் கட்டிவிட்டிருந்தார்கள். முதன்முதலில் அவர் போன் செய்தது சண்டை போடுவதற்காக.

"ஏம்மா, கட்டத்துக்குள்ள ஒரு சொல்லு வந்து உக்கார்ற நேரத்துல உங்க பொட்டி திரை மூலையில வந்து எட்டிப் பாக்குது. சொல்லு பயந்து ஓடிப்போயிடுது. திரையை நான் அணையக்கூட விடுறதில்ல, யோசனை அறுந்துடும்னு. நீங்க என்னடான்னா நேரங்காலம் இல்லாம கதவைத் தட்டறீங்க."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திக் கையால் என்று மாற்றிவிட்டாள். "ஆனா தினமும் காலைல நீங்களே அந்தப் பட்டனை அழுத்தணும் சார். மறக்கவே கூடாது."

"பல்லு தேய்க்கிற மாதிரியா?"

"பல்லு தேய்ச்ச உடனே."

அதற்குப் பிறகு அவர் மறக்கவில்லை. ஒரு நாள் மட்டும், அன்றைய புதுப்பிப்பு ஆகவில்லை என்று காட்டும் மஞ்சள் மதியம்வரை மாறவே இல்லை. அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்துவிட்டு, குரலை அலுவலகக் குரலாக்கிக்கொண்டு போன் செய்தாள். அவருக்குக் காய்ச்சல். தொண்டை கட்டியிருந்தது. "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றார். "மஞ்சளா இருக்கு சார்" என்றாள். "நானா?" என்றார். "உங்க மெஷின் சார்." அவர் சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும் எழுந்து போய் அழுத்தினார். பச்சையானது. "ஆயிடுச்சா?" "ஆயிடுச்சு சார். மாத்திரை போட்டுட்டுப் படுங்க." ஆன்ட்டிவைரஸ் கம்பெனியில் மாத்திரை போடச் சொல்லும் வழக்கம் கிடையாது. வாயில் வந்துவிட்டது. பிறகும் எப்போதாவது அவர் மறந்தாலோ, ஊருக்குப் போனாலோ, மின்சாரம் போனாலோ, அவள் கூப்பிடுவாள். பேச்சு நீளாது. மஞ்சளா இருக்கு சார். இதோ அழுத்தறேன். ஆயிடுச்சு சார். அவ்வளவுதான். அவரைப் பற்றி அவளுக்கு வேறொன்றும் தெரியாது. தனியாக இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். அதைக்கூட அவர் சொல்லவில்லை. பின்னால் ஒரு ரேடியோ மட்டும் எப்போதும் பேசிக்கொண்டிருப்பதை வைத்து அவளே கண்டுகொண்டது. அவள் வீட்டிலும் அப்படித்தான்.

அவள் வீடு ஒரு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட ஒரு சன்னல். அம்மா இருந்தவரை இரண்டு தட்டு கழுவினாள். அம்மா போன பிறகு ஒரு தட்டு. கல்யாணம் என்ற பேச்சு தங்கைக்கு முதலில் நடந்து, பிறகு அதோடு நின்றுபோனது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, அப்படியே விட்டுப்போய்விட்டது. தங்கை இப்போது வேறு நாட்டில். தினமும் விடிந்ததும் ஒரு பூப் படம் அனுப்புவாள். அந்தப் பூ இவள் ஒருத்திக்காக மட்டும் வருவதல்ல. தங்கையின் கணவரின் அத்தைக்கு, பழைய பள்ளித் தோழிகளுக்கு, வாடகை வீட்டுக்காரருக்கு என்று ஒரே தட்டலில் எல்லோருக்கும் போகும். இவளும் ஒரு கட்டைவிரலை உயர்த்தி அனுப்புவாள். ஒரு தடவை வேண்டுமென்றே அனுப்பாமல் இருந்து பார்த்தாள். மறுநாளும் பூ வந்தது, அதே நேரத்துக்கு. தங்கைமேல் அவளுக்குக் கோபமில்லை. குழந்தைகள், வேலை, அவளுக்கு அங்கே தலைக்கு மேல் இருக்கிறது. ஆனாலும் அன்று மனசு கொஞ்சம் வலித்தது.

ஒரு நாள் பல் மருத்துவமனையின் கணினி ஒன்றில் வைரஸ் புகுந்துவிட்டது. வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு அந்த எட்டிப் பார்க்கும் பெட்டி பிடிக்காமல், அவளாகவே அமைப்புக்குள் போய்க் கையால் என்று மாற்றிவைத்துவிட்டு, பிறகு கையையே வைக்காமல் விட்டிருந்தாள். நோயாளிகளின் எக்ஸ்ரே படங்கள் எல்லாம் திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டன. மேனேஜர் அன்று முழுக்கப் போனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். மேனேஜர் என்றால் வயதில் அவளைவிட நன்றாகச் சின்னவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். மறுநாள் அவளுடைய மேசைக்கே வந்தார்.

"அக்கா, இனிமே கையால்-ங்கிற பேச்சே வேண்டாம். எல்லா மெஷினும் தானா அப்டேட் ஆகணும். மணிக்கொரு தரம். அமைப்பை அவங்க தொட முடியாத மாதிரி பூட்டிடுங்க."

"எல்லாமேவா தம்பி?"

"ஒண்ணுகூட விடாம. யாருக்காவது விலக்கு வேணும்னா காரணம் எழுதுங்க, நான் பாக்குறேன்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அவளே அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாள். மாலைக்குள் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுக் கடைசி வரிக்கு வந்தாள். விலக்கு என்பதைச் சொடுக்கினாள். 'காரணம்' என்று ஒரு காலிக் கட்டம் திறந்தது. 'வேலைக்கு இடைஞ்சல்' என்று எழுதினாள். பல் மருத்துவமனைப் பெண்ணும் இதையேதான் சொன்னாள் என்று நினைவு வந்து அழித்தாள். 'பழைய வாடிக்கையாளர்' என்று எழுதினாள். அவர் அப்படியொன்றும் வாடிக்கையாளரே இல்லை, அழித்தாள். உண்மையான காரணத்தை எழுதினால், அப்டேட் அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அலுவலகமே சிரிக்கும். இந்த வயதில் வேலை போனால் இன்னொன்று தேட வேண்டும் என்ற பயமும் இருந்தது. தானாக, மணிக்கொரு தரம், பூட்டு. சொடுக்கிவிட்டாள். மூலையில் எட்டிப் பார்க்கும் அந்தப் பெட்டியை மட்டும் நிறுத்தியிருக்கலாம். அதற்கு அனுமதி இருந்தது. பச்சை நிறத்தில் 'நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்' என்று சொல்லிவிட்டுப் போகும் பெட்டி. நிறுத்தப் போன கை நின்றது. வீட்டில் பேச ஆளில்லாத மனிதர். அதுவாவது ஒரு துணையாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையிலேயே போன் வந்தது.

"அந்தப் பட்டனுக்கு என்னம்மா ஆச்சு? சாம்பலா இருக்கு. அழுத்தினா அழுந்தல."

"இனிமே நீங்க அழுத்த வேண்டாம் சார். அதுவே பண்ணிக்கும்."

"அதுவேவா?"

"ஆமா சார். புது ரூல். மணிக்கொரு தரம் தானா ஆயிடும். நீங்க ஒண்ணுமே பண்ண வேண்டாம்."

அவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

"அப்போ நான்?" என்றார்.

கிண்டலாகத்தான் கேட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். "நீங்க நிம்மதியா கட்டம் போடுங்க சார்" என்றாள். "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு கடைசி வரி எப்போது பார்த்தாலும் பச்சை. கைப்பையோடு நின்று பார்த்தாலும் பச்சை, வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தாலும் பச்சை. பக்கத்துக் கட்டத்தில் 'தானாக'. அவள் சில நாட்கள் பழக்கத்தில் பார்த்தாள். பிறகு பட்டியலின் கடைசிக்குப் போவது குறைந்தது. காலையில் அவசரப்பட ஒன்றுமில்லை என்றாகி, கூட்டம் குறைந்த அடுத்த பேருந்திலேயே உட்கார்ந்து வந்தாள். கூப்பிட்டுப் பேசலாம்தான். என்னவென்று பேசுவது? மஞ்சளா இருக்கு சார் என்ற ஒரு வாக்கியம்தான் அவர்களுக்கு நடுவே இருந்தது. அதை அவளே எடுத்துவிட்டாள். செய்தித்தாளில் அவருடைய குறுக்கெழுத்து தினமும் வந்தது. ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று அதைப் பார்த்துத் தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வாள்.

செய்தித்தாள் அலுவலகத்திலிருந்து அவர்களுடைய நிர்வாகி அம்மா கூப்பிட்டது ஒரு வெள்ளிக்கிழமை. புதிதாகச் சேர்ந்த நிருபருக்கு ஒரு கணினி சேர்க்க வேண்டுமாம். கடைசியில், "அந்தக் குறுக்கெழுத்து சார் மெஷினை வேணா எடுத்துடுங்க. அந்த இடத்துல இதைப் போட்டுக்கலாம்" என்றாள்.

"ஏன் மேடம்?"

"தெரியாதா? அவர் ஆஸ்பத்திரில இருக்காரே. போன வாரம் திங்கக்கிழமை வீட்டுல விழுந்துட்டாராம். ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுநாள் மதியம்வரைக்கும் அப்படியே கிடந்திருக்காரு பாவம். ஒரு மாசத்துக்கு வேண்டிய கட்டத்தை முன்னாடியே அனுப்பிடுவாரு, அதனால எங்களுக்கே தெரியலை. அதுபாட்டுக்கு அச்சாயிட்டே இருந்துச்சு. கீழ் வீட்டுக்காரர் ராத்திரி பூரா ரேடியோ பாடுதுன்னு சண்டை போட வந்து கதவைத் தட்டியிருக்காரு. நல்லவேளை, சண்டைக்காரரா இருந்தாரு."

கை தானாகப் பட்டியலைக் கீழே தள்ளியது. 'வெளி – குறுக்கெழுத்து'. பச்சை. சற்று முன்புதான் புதுப்பிக்கப்பட்டிருந்தது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போன அவசரத்தில் யாரும் கணினியை அணைக்கவில்லை. ஆளில்லாத வீட்டில் அது ஒழுங்காகத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பழைய நாட்களைத் திறந்து பார்த்தாள். அவர் விழுந்த நாளும் பச்சை. கிடந்த இரவும் பச்சை. அத்தனை நேரமும் அவள் இங்கே இதே நாற்காலியில் உட்கார்ந்து, அச்சக முதலாளியோடு பேசிக்கொண்டும் தேநீர் குடித்துக்கொண்டும் இருந்திருக்கிறாள். "எடுத்துடலாமா?" என்று அந்த அம்மா மறுபடி கேட்டாள். "எடுக்க வேண்டாம்" என்றாள். சொன்ன குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் மருத்துவமனைக்குப் போனாள். என்ன வாங்கிக்கொண்டு போவதென்று தெரியாமல் ஒரு ரொட்டிப் பொட்டலமும் இரண்டு பென்சிலும் வாங்கினாள். உயரமான மனிதர் என்று இத்தனை வருடமும் நினைத்து வைத்திருந்தாள். கட்டிலில் கிடந்தவர் சின்ன உருவம். காதோரம் நரை சுருண்டிருந்தது, ஒரு காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முகம் தெரியாதவரிடம் எப்படித் தொடங்குவது என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், நான் கம்ப்யூட்டர் ஆபீஸ்லேருந்து..."

கண்ணைத் திறக்காமலே அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. "மஞ்சளா இருக்கு சார்-ம்பீங்களே, அவங்களா?"

"அவங்கதான்" என்றாள்.

அவர் கண்ணைத் திறந்து அவளை நன்றாகப் பார்த்தார். "நீங்க கண்ணாடி போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றார். உட்காரச் சொன்னார். "மெஷின் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு சார். அப்டேட் ஆயிட்டே இருக்கு."

"நான் விழுந்து கிடந்தப்பவும் ஆச்சே. நான்தான் பாத்துட்டு இருந்தேனே." அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். "நாற்காலி சக்கரம் வழுக்கிடுச்சும்மா. போன் மேசை மேல இருக்கு, எட்டல. கத்தினா, ரேடியோ என்னைவிட நல்லா கத்துது. தரையில கிடந்தா திரையோட கீழ் மூலை மட்டும் தெரியும். அங்க உங்க பச்சைப் பொட்டி வரும். நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்-னு சொல்லும். போயிடும். மொதல்ல சிரிப்பா வந்துச்சு. அப்புறம் அழுகையா வந்துச்சு. அப்புறம் அது எப்ப வரும் எப்ப வரும்னு காத்துட்டு இருந்தேன். வேற யாரும் வரலை பாருங்க."

"அந்தப் பொட்டியை வராம நிறுத்தியிருக்கலாம் சார். நான்தான்..." ரொட்டியையும் பென்சிலையும் அவர் பக்கத்தில் வைத்தாள். "துணைக்கு இருக்கட்டும்னு விட்டேன்."

அவர் யோசித்தார். கேள்விக்குச் சரியான சொல்லைத் தேடுவது தொழிலாகப் போய்விட்ட மனிதர், அவசரப்படவில்லை.

"துணைக்குத்தான் இருந்துச்சு" என்றார்.

அடுத்த கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள். அவள் எழுந்து ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவர் மெத்தையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல், தெரிந்துகொள்ள மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "பழைய மாதிரி இருந்திருந்தா மறுநாள் காலைல கூப்பிட்டிருப்பீங்க, இல்ல?"

"கூப்பிட்டிருப்பேன் சார். எடுக்கலைன்னா நேர்ல வந்திருப்பேன்." அழக்கூடாது என்று நினைத்திருந்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டாள். அவர் அதைப் பார்க்காததுபோல் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிக்க முயன்றார்.

"விடுங்க. இனிமே பாத்துக்கலாம்" என்றார். பிறகு, "உங்களுக்கு யாரு கூப்பிடுவாங்க?" என்றார்.

"எனக்கா?"

"நீங்க ஒரு நாள் மஞ்சளாயிட்டா?"

தங்கை இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தாள். பூப் படம் நினைவுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய அண்ணன் மகள் உள்ளே வந்தாள். முதியோர் இல்லம் ஒன்றில் பேசியிருப்பதாகவும், அங்கே எல்லா வசதியும் இருப்பதாகவும் நின்றபடியே சொன்னாள். "நான் என் வீட்டுக்குத்தாம்மா போவேன். வர்ற வாரமே போயிடலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றார் அவர். "பாப்போம் சித்தப்பா" என்று அவள் போனைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டோடு வெளியே போனாள். கெட்ட பெண்ணாகத் தெரியவில்லை. அவசரத்தில் இருந்தாள்.

அவர் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அதன் பின்பக்கத்தில் பாதி போட்ட கட்டங்கள் இருந்தன. புதுப் பென்சிலால் அடியில் ஒரே வரிசையாகச் சில சதுரங்கள் வரைந்து அவளிடம் நீட்டினார்.

"உங்க சொந்த நம்பரை எழுதுங்க. கட்டத்துக்கு ஒண்ணா."

"எதுக்கு சார்?"

"ஞாயித்துக்கிழமை உங்களுக்கு ஆபீஸ் கிடையாது. நீங்க பட்டனைத் திரும்பக் குடுத்தாலும், அன்னிக்கு நான் அழுத்தினேனான்னு பாக்க ஆள் இல்ல. அதனால அன்னிக்கு நான் கூப்பிடுறேன். நாளைக்கு வேண்டாம், போன் வீட்டு மேசை மேலயே கிடக்கு. வீட்டுக்குப் போனதும், அடுத்த ஞாயிறு." பிறகு, "உங்க ரூல் ஒத்துக்கிட்டா" என்று சேர்த்துக்கொண்டார்.

அவள் எழுதினாள். எண்கள் கட்டங்களுக்குள் சரியாக உட்கார்ந்தன. அவர் சரிபார்க்கிற பழக்கத்தில் ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

திங்கட்கிழமை கைப்பையைக் கழற்றாமலே கடைசி வரிக்குப் போனாள். விலக்கு. காரணக் கட்டம் திறந்தது. இந்தத் தடவை யோசிக்கவே இல்லை. 'ஆள் இருக்கிறார்' என்று எழுதி அனுப்பினாள். அனுப்பிவிட்டு, அனுமதி வருவதற்குக் காத்திராமல், மணிக்கொரு தரம் என்பதை எடுத்துவிட்டுக் கையால் என்று போட்டாள். பட்டனின் பூட்டைத் திறந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜர் வந்து நின்றார். "என்னக்கா இது, ஆள் இருக்கிறார்-னு எழுதியிருக்கீங்க. எல்லா மெஷின்லயும்தான் ஆள் இருக்காங்க."

"எனக்குத் தெரியலையே தம்பி. இதுல மட்டும்தான் தெரியுது."

அவருக்குப் புரியவில்லை. ஆனால் இத்தனை வருடத்தில் அவள் எதையும் கேட்டதில்லை என்பது மட்டும் தெரியும். "ஏதாவது ஆச்சுன்னா என் தலைதான் உருளும்" என்றார். "மொதல்ல என் தலையை உருட்டுங்க" என்றாள். தலையைச் சொறிந்துகொண்டு போனார். அனுமதி வந்தது.

அன்று மாலை அந்த வரி மஞ்சளானது. இரண்டு மூன்று நாளில் சிவப்பானது. அழுத்த அங்கே ஆளில்லை. பட்டியல் முழுக்கப் பச்சைப் பச்சையாக இருக்க, வாலில் ஒரு சிவப்பு. போகிற வருகிறவர்கள் எல்லாம் "அக்கா, உங்க லிஸ்டுல ஒண்ணு செத்துப்போச்சு" என்று கிண்டல் செய்தார்கள். "சாகலை, வெளிய போயிருக்காரு" என்பாள். மருத்துவமனைக்குப் போன் செய்தபோது அவரை அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று கேட்டாள். வீட்டுக்கா, வேறெங்காவதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை; உறவுக்காரப் பெண் வந்து கூட்டிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். அவருடைய எண்ணுக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சனிக்கிழமை அலுவலகம் விடும்வரை சிவப்பு சிவப்பாகவே இருந்தது. அவள் எல்லோரும் போன பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, விளக்கை அணைத்தாள்.

ஞாயிறு காலை. தங்கையின் பூ வந்திருந்தது, இந்தத் தடவை மஞ்சள் நிறத்தில். அவள் கட்டைவிரல் அனுப்பவில்லை. தேநீர் போட்டு எடுத்துக்கொண்டு, அலுவலகம் கொடுத்த மடிக்கணினியைத் திறந்தாள். அதுவும் அந்தப் பட்டியலில் நடுவில் எங்கோ இருக்கும் ஒரு வரிதான். மூலையில் பச்சைப் பெட்டி எட்டிப் பார்த்தது. நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். போய்விட்டது. இத்தனை வருடத்தில் அதை அவள் முழுதாகப் படித்ததே இல்லை. படித்துவிட்டு, அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். ஒரு தட்டு, ஒரு கோப்பை, சன்னலில் காயும் ஒரு துண்டு. மேசையில் ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. அதை அணைத்தாள்.

அமைப்புக்குள் போய், தன்னுடையதையும் கையால் என்று மாற்றினாள். இனி அவள் அழுத்தாவிட்டால் இதுவும் மஞ்சளாகும். பிறகு சிவப்பாகும். அதைப் பார்க்க வேண்டிய ஆள் அப்டேட் அக்கா ஒருத்திதான் என்பதை நினைத்துக் கொஞ்சம் சிரித்தாள். சிரிப்பு அந்த அறையில் நன்றாகக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் பெட்டி மறுபடி வந்தது. இந்தத் தடவை பச்சையில்லை. 'உங்கள் கணினி இன்று புதுப்பிக்கப்படவில்லை. இப்போது புதுப்பிக்கவா?' கேள்வி போகவில்லை. பதில் சொல்லும்வரை அது அங்கேயேதான் இருக்கும். அந்த வீட்டில் அவளை யாரும் எதுவும் கேட்டு வெகு நாளாகியிருந்தது. அவள் அழுத்தவில்லை. கோப்பையை நகர்த்தி வைத்துவிட்டு, போனை எடுத்து, சத்தம் நன்றாகக் கேட்கும்படி வைத்து, திரை மேலே தெரியும்படி மடிக்கணினியின் பக்கத்தில் வைத்தாள். எங்கோ ஒரு மடித்த தாளில், சதுரத்துக்கு ஒன்றாக, பென்சிலில் எழுதிய அவளுடைய எண் இருந்தது. நாற்காலியை மேசைக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.